பெர்னார்ட் அண்ணனும் இரண்டு பெட்டிகளும்

எங்கள் அண்ணன் பெர்னார்ட் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் வயர்மேன். மாதா கோயில் மைக் செட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. ஃபேக்டரியில் மோட்டார் நின்றுவிட்டது என்று ஆள் வந்தால், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் கிளம்புவார். கோயில் மைக்கில் கொர்ரென்று ஒரு சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். சம்பளம் கொடுப்பது ஃபேக்டரிதானே என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரிடம் கேட்கக் கூடாத கேள்விகள் நிறைய இருந்தன.

புக்கிட் செலம்பாவிலிருந்து செம்மண் பாதையில் நாலு மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ஐம்பத்தொன்பதில் அம்மாவும் அப்பாவும் ஆறு மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனுக்கு அப்போது இருபது வயது. எனக்கு ஒன்பது. அப்பாவை அடக்கம் செய்த அன்று, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று மாதா கோயில் சாமியார் முன்னால் சொல்லிவிட்டாராம். சொன்னால் சொன்னதுதான். கோணல் மாணலாகப் பின்னிவிட்ட சடையோடு என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கடைசியில் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக நிற்க வைத்தவர் அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அறுபத்தொன்றில் துரைமார் கிளப்பில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது அந்த ஆம்ப்ளிபயர் கோயிலுக்கு வந்தது. இரண்டு ஆள் தூக்க வேண்டிய இரும்புப் பெட்டி. உள்ளே ஏழு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் சிவந்து சூடேற ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் அண்ணன் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர் மாதிரி கைகட்டி நிற்பார். எந்த வால்வை என்றைக்கு மாற்றினோம் என்று மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். எனக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த வருஷத்தைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பார். மூன்றாவது வால்வை மாற்றிய தேதியைக் கேட்டால் கிழமையோடு வரும்.

மாதா கோயில் மட்டும் இல்லை, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் அந்தப் பெட்டிதான் போகும். போகிற இடத்திலெல்லாம் அண்ணன் அதன் புகழ் பாடுவார். "வால்வு சாகறதுக்கு முன்னாடி மூணு மாசம் சொல்லும்லா. சத்தம் மங்கும், கரகரங்கும். அந்த ஒண்ண மட்டும் மாத்திட்டோம்னா மறுபடியும் புதுப் பெட்டி. டிரான்சிஸ்டரு அப்படியா? காலையில பாடும், மத்தியானம் பொணம்."

அந்தப் பெட்டிக்கு அண்ணன் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, திருவிழா நாளில் நடுவே அணைக்கக் கூடாது. ஆறி ஆறிச் சூடானால் வால்வின் ஆயுசு குறையும். இரண்டாவது, ஸ்பீக்கர் இல்லாமல் பெட்டி ஓடக் கூடாது. ஓடினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். ஆகையால் குழாய் ஸ்பீக்கரை இடம் மாற்றக் கழற்றினால், தொங்குகிற இரண்டு வயர் முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். அந்தப் பெட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். "மொதல்ல வயர முறுக்கு, அப்பறம் மத்ததப் பாரு" என்று பதினாறு வருஷம் என் காதில் ஓதியிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பி ஒரு வயரைக் கையில் கொடுத்தாலும் முறுக்கியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் அவர் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். எதிரே நான் வால்வு வந்த அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அண்ணே, இது வேற நம்பரு" என்றேன். எடுத்துப் பார்த்தார். வேறு நம்பர்தான். கழற்றிச் சரியானதைப் போட்டார். அதற்குப் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், பள்ளிக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவர் சுவரோடுதான் பேச வேண்டும். ஐந்தாம் நாள் "கேத்து, உப்பு எடு" என்றார். அந்த உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அன்றிலிருந்து அவர் செய்வது தப்பு என்று நான் வாய் திறந்ததே கிடையாது.

எழுபத்தைந்துக்கு மேல் வால்வு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. பினாங்கில் கேட்டாலும் கையை விரித்தார்கள். சுங்கை பட்டாணியில் பரஞ்சோதி என்பவர் ஒரு சின்ன ரேடியோ கடை வைத்திருந்தார். பினாங்கில் தவுக்கே என்று கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியிடம் வேலை கற்றவர், கற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். ஆனாலும் அண்ணனுக்காகப் பழைய ரேடியோக்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து வால்வு கழற்றி வைத்திருப்பார். மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் போவோம். அண்ணன் உட்கார்ந்த உடனே சண்டை தொடங்கும்.

"அண்ணே, வால்வுன்னா வருஷா வருஷம் மாத்தணும். இது பத்து வருஷம் தொறக்கவே வேணாம்" என்பார் பரஞ்சோதி.

"தொறக்கவே முடியாத சாமான் எதுக்குத் தம்பி? சவப்பெட்டிக்குத்தான் அந்தக் கணக்கு" என்பார் அண்ணன்.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வாய் ஓயாமல் அடித்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் அதில் அவ்வளவு சந்தோஷம். அண்ணனோடு எதிர்த்துப் பேசிவிட்டு மறு மாதமும் அவரிடம் நல்ல பெயர் வாங்கிய ஒரே ஆள் பரஞ்சோதிதான். அதுவே எனக்கு அவர் மேல் ஒரு மரியாதையை உண்டாக்கியது. மரியாதை எப்போது வேறு ஒன்றாக மாறியது என்று நான் சொல்லப் போவதில்லை. நாங்கள் தனியாகப் பேசியது மொத்தமே பத்து நிமிஷம் இருக்காது. ஆனால் எழுபத்தேழு தொடக்கத்தில் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டபோது, நான் அடுப்படியில் நின்று காபிக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டேன்.

அவர்கள் புராட்டஸ்டண்ட். அண்ணன் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சாமியார், அதற்கெல்லாம் வழி இருக்கிறது, நான் அனுமதி வாங்கித் தருகிறேன் என்றுவிட்டார். வேறு குறை சொல்ல அண்ணனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிடித்த பையன். ஆனால் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. பதினெட்டு வருஷம் தோளில் போட்டுத் திரிந்த ஒன்றை இறக்கி வைக்கச் சொன்னால் தோளுக்கே சம்மதம் இருக்காது போல.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு முன்னால் பழைய பெட்டி படுமோசமாக இருந்தது. கோயில் கமிட்டி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் வாங்கலாம் என்றது. வாங்குவதற்கு முன் பத்து நாள் திருவிழாவில் போட்டுப் பாருங்கள் என்று பரஞ்சோதி ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தேருக்குக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, கொடி ஏத்துறதுலேர்ந்து கொடி எறக்குற வரைக்கும் ஒன் பெட்டி தாஹான் பண்ணட்டும். எறக்குன அன்னைக்கே ஒக்காந்து நிச்சயம் பேசிடுவோம். நடுவுல படுத்துச்சுன்னா பொண்ண மறந்துடு."

தாஹான் என்றால் மலாய் மொழியில் தாங்குவது. எங்கள் தோட்டத்தில் செருப்பு, சைக்கிள் டயர், மாப்பிள்ளை எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிற கேள்வி அதுதான். எல்லாரும் சிரித்தார்கள். பரஞ்சோதியும் சிரித்து, "சரிண்ணே, பத்து நாள் என்ன, பத்து வருஷம் பாருங்க" என்றார். நான் பூ வெட்டுவதை நிறுத்தினேன். அண்ணன் விளையாட்டுக்குப் பேசி நான் கேட்டதில்லை.

கொடியேறியது. சுவிட்சைப் போட்ட மறுகணம் பெட்டி பேசியது. ஜெபம் கடைசி லயன் வீடுகள் வரை கேட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களுக்குக்கூடப் பாட்டு தெளிவாகக் கேட்டதாம். முதல் மூன்று நாள் அண்ணன் பெட்டியை முறைத்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் மேலே கை வைத்துப் பார்த்து, "சூடே இல்லையே, ஜீவன் இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார். ஆறாம் நாள் திட்டுவதை நிறுத்திவிட்டார். எட்டாம் நாள் காலை சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நிச்சயத்துக்குக் கட்டறாப்புல ஒங்கிட்ட நல்ல சேலை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இல்லை. அடுத்த வீட்டு அழகம்மாவிடம் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் வகுப்பில் நான் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, தேர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொடியிறக்கம். அந்த ஒரு நாள்தான் பாக்கி.

மத்தியானம் ஃபேக்டரியில் மோட்டார் நின்றுவிட்டது என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பரஞ்சோதி சுங்கை பட்டாணியில் கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம்தான் வருவார். "பெட்டியப் பாத்துக்க" என்று அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணி சுமாருக்குத் தோட்டத்து லாரி டிரைவர் முனியாண்டி லாரியைப் பின்னுக்கு எடுத்து வந்து பலாமரத்தடியில் நிறுத்தினார். மாரியம்மன் பக்தர், ஆனால் வருஷா வருஷம் மாதா தேருக்கு லாரி ஓட்டுவது அவர்தான். குழாய் ஸ்பீக்கரை மரத்திலிருந்து இறக்கி லாரித் தலையில் கட்ட வேண்டும். சரசரவென்று ஏறினார், வயரைப் பிடுங்கினார், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நான் மாதாவுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு சட்டென்று நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். வயரின் இரண்டு முனைகளும் தரையில் கிடந்தன. உள்ளே பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, கேசட் ஓடுகிறது. ஸ்பீக்கர் இல்லாமல் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. பூவைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு முனைகளையும் எடுத்துச் சேர்த்து, ஒன்றுக்கு மூன்று முறையாக இறுக்கி முறுக்கினேன். அப்புறம்தான் மூச்சு வந்தது. மாதாவே, நல்ல வேளை, காப்பாற்றிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நாலரை மணிக்கு அண்ணன் வந்தார். வயரைப் பார்த்ததும், "முறுக்கிட்டியா, நல்லது" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். முறுக்கைப் பிரித்து லாரியில் இருந்த குழாயில் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. ஃபியூஸ் மாற்றினார். இல்லை. மைக்கை மாற்றினார், கேசட்டை மாற்றினார். இல்லவே இல்லை. புகையும் வரவில்லை, நாற்றமும் இல்லை. காலையில் பாடிய பெட்டி மத்தியானம் பொணமாகக் கிடந்தது. பழைய பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்து லாரியில் ஏற்ற, அது கரகரத்துக்கொண்டே தேரோடு போனது. தன் பேச்சு பலித்துவிட்டதே என்று அண்ணன் முகத்தில் ஒரு துளி சந்தோஷம் கிடையாது. தேர் சுற்றி முடியும் வரை குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் கொடியிறக்கம் முடிந்ததும் பரஞ்சோதி எங்கள் வீட்டு மேசையில் பெட்டியை வைத்துத் திறந்தார். அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். பரஞ்சோதி உள்ளே இரண்டு இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணே, ஸ்பீக்கர் வயரு ரெண்டும் எங்கயாச்சும் ஒட்டியிருக்கணும். ஓடிக்கிட்டு இருக்கறப்ப ஒட்டுனா இந்தப் பெட்டி தாங்காது. ஒரு நொடி போதும், உள்ள எல்லாம் போயிடும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பழைய பெட்டிக்கு மருந்தாக இருந்தது இதற்கு விஷம். அப்படி ஒரு பழக்கம் எங்களுக்கு இருப்பதே பரஞ்சோதிக்குத் தெரியாது. வால்வுப் பெட்டியோடு அவர் குடித்தனம் பண்ணியதில்லை. தெரிந்திருந்தால் முதல் நாளே எச்சரித்திருப்பார்.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஒட்டியிருக்கணுமா? பதினாறு வருஷம் மைக் செட்டு ஓட்டுறேன். எங்க பக்கம் எல்லாம் மொறையாத்தான் நடந்துச்சு. வயரு எப்படி வைக்கணுமோ அப்படித்தான் வச்சிருந்துச்சு."

"யாருண்ணே அப்ப பெட்டிகிட்ட இருந்தது?"

"என் தங்கச்சி இருந்தா. என்ன, அவ கெடுத்துட்டாங்குறியா?"

பரஞ்சோதி திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தால் போதும். நான்தான் முறுக்கினேன், அண்ணன் சொல்லித்தந்த மாதிரி முறுக்கினேன், அதனால்தான் போனது, பெட்டியின் மேல் தப்பில்லை. இவ்வளவுதான். வேறு பெட்டி வைத்து இன்னொரு பத்து நாள் பார்க்கலாம் என்று அண்ணனே சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், வெளி ஆள் ஒருவர் முன்னால், பதினாறு வருஷமாக நீ ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம் இதற்குத் தப்பு என்று பெர்னார்டிடம் சொல்ல வேண்டும். எனக்கு அந்த நாலு நாள் ஞாபகம் வந்தது. இருபத்தேழு வயசுப் பெண், ஐம்பது பிள்ளைகளை அதட்டுகிற டீச்சர், அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பரஞ்சோதி எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு பெட்டியின் மூடியை வைத்துத் திருகாணியை முறுக்கத் தொடங்கினார்.

"இல்லண்ணே. சாமான்தான் சரியில்ல போல" என்றார்.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றார் அண்ணன். "பேச்சு பேச்சுதான் தம்பி. மனசுல வச்சுக்காத."

பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பரஞ்சோதி போய்விட்டார். நான் உலையில் அரிசி போட்டேன். அன்று நான் அழுததைப் பார்த்த அண்ணன், கல்யாணம் நின்றுபோன வருத்தம் என்று நினைத்துக்கொண்டார். பாதிதான் சரி.

அதன் பிறகு அண்ணன் போகிற தோட்டத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். மாதா திருவிழாவில் ஒன்பதே நாளில் படுத்த பெட்டியின் கதை. கெட்ட எண்ணம் இல்லை. வால்வுதான் தாங்கும் என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தோட்டத்து ஆட்கள் பரஞ்சோதி கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்தில் அவர் கடையை எடுத்துவிட்டு, பெண்டாங் பக்கம் நெல் ஆலைகளில் மோட்டார் கட்டும் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கேயே கல்யாணமும் ஆனதாம். அந்தக் கதையை அண்ணன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்ல ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் விட்டேன். முதல் நாள் சொல்லாததை நூறாம் நாள் சொல்வது நூறு மடங்கு கஷ்டம்.

எனக்கு வந்த மூன்று வரன்களையும் நானே வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. எனக்கு ஆகாமல் தனக்கு ஆகக் கூடாது என்று அவரும் அப்படியே நின்றார். அகத்தா என்று ஒரு நர்ஸ். அண்ணன் மேல் அவருக்கு ரொம்பப் பிரியம். நல்ல மனுஷி. ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எண்பதில் ஈப்போவுக்குக் கல்யாணமாகிப் போனார். அந்தக் கல்யாணப் பத்திரிகையை அண்ணன் பழைய பெட்டியின் மூடிக்குள் செருகி வைத்ததைப் பார்த்தேன். அதையும் என் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

பழைய பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வால்வு எங்கும் இல்லை. யார் வீட்டில் பழைய ரேடியோ இருந்தாலும் அண்ணன் போய் நின்றார். பொருந்துகிறதோ இல்லையோ, எதையாவது மாட்டிப் பார்த்தார். எண்பத்து மூன்றில் மாரியம்மன் கோயில்காரர்கள் டவுனிலிருந்து வேறு செட் கொண்டுவந்தார்கள். மாதா கோயிலில் பின்பெஞ்சுக்குப் பிரசங்கம் கேட்கவில்லை. பெட்டிக்கு ஒன்றுமில்லை, சனங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றார் அண்ணன்.

எண்பத்தைந்தில் ஃபேக்டரியில் அறிவிப்புச் சொல்ல ஒரு புது செட் வைத்தார்கள். டிரான்சிஸ்டர். வயர்மேன் என்கிற முறையில் அதற்கும் அண்ணன்தான் பொறுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை புகைக்கூடத்துப் பக்கம் இருந்த குழாயை எடைக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றியிருக்கிறார். கழற்றிய கையோடு இரண்டு வயர்களையும் முறுக்கியிருக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து டெஸ்மண்ட் என்று ஒரு டெக்னீஷியன் வந்து திறந்து பார்த்துவிட்டு, "யார் அங்கிள் ஒங்களுக்கு இப்படி முறுக்கச் சொன்னது? இது வால்வு இல்ல. முறுக்குனா அந்த நிமிஷமே ரோசாக், கெட்டுப்போயிடும்" என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். "பரஞ்சோதி அன்னைக்கே சொன்னான் கேத்து. வயரு ஒட்டியிருக்கணும்னு சொன்னான். நான்தான் கேக்கல. நீ என் பேச்சக் கேட்டு முறுக்குன. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் எந்தப்பு." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட வைக்கவில்லை. நான் எதிரில் நின்றேன். தப்பை அவர் முழுவதுமாக எடுத்துக்கொண்டார். நான் கொடுத்துவிட்டேன். என்னை எனக்கே பிடிக்காமல் போன நாட்களில் முதல் இடம் அதற்குத்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்டாங்குக்குப் பஸ் ஏறினார். நானும் வரவா என்று நான் கேட்கவில்லை, நீயும் வா என்று அவர் கூப்பிடவும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பினார். தட்டு வைத்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன். ரெண்டு பிள்ளைங்க. நல்லாத்தான் இருக்கான். மன்னிச்சிடு தம்பின்னேன். அத விடுங்கண்ணேன்னான்." செம்பை எடுத்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். "டீ குடிக்கறப்ப சொன்னான். ஒங்க தங்கச்சிக்கு அன்னைக்கே தெரியும்ணே, மொகத்தப் பாத்தேன், ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு நின்னேன். சொல்லியிருந்தாங்கன்னா ஒங்ககூடச் சண்ட போட்டாவது கட்டிக்கிட்டிருப்பேன். சொல்லல. அவங்களுக்கு வேணாம்போலன்னு நெனச்சு நானே பழியப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். அப்படீன்னான்."

நான் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தேன். எட்டு வருஷம் நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது சொல்லாமல் விட்டதற்கு. பரஞ்சோதி அதை, எனக்கு அவர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார் என்பது ஒரு நாளும் என் புத்தியில் ஏறியதில்லை.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் அண்ணன்.

"தெரியும்."

"அவன் சொன்னப்பவே?"

"அப்பவே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஒன்னப் போயி தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே."

கோபப்படுவார் என்று நினைத்தேன். நாலு நாள் இல்லை, நாலு வருஷம் பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயதுதான், அன்று அறுபது மாதிரி இருந்தார்.

"அவ்ளோ பயப்படுத்தியா கேத்து ஒன்ன வளத்தேன்?"

அப்படியெல்லாம் இல்லண்ணே என்று சொல்லியிருக்கலாம். பொய்தான், ஆனால் எனக்குச் சடை பின்னிவிட்ட மனிதருக்கு ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவேன்? சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் வராது என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.